கிளாடிஸ் அக்காவின் பெயரைத் தேடாதீர்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். புலியகுளத்தில் என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். ஆதார் பிரிண்ட், பான் கார்டு, கரண்ட் பில், பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுப்பேன். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து "நீங்களே ஏதாச்சும் போடுங்க பாய்" என்று யாராவது சொன்னால் கத்திவிடுவேன். "யூனுஸ் பாய் கடையில ஓடிபி வர லேட்டானா அடி உழுகும்" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். அடி எல்லாம் இல்லை, வாய்தான்.

கிளாடிஸ் அக்கா முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஒரு தாளை லேமினேட் செய்ய. போலீஸ் ஸ்டேஷன் முத்திரை குத்திய ஒற்றைத் தாள். காணாமல் போனதாகச் சொன்ன நகை புகார் கொடுத்தவர் வீட்டிலேயே கிடைத்துவிட்டதால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது. மடித்து மடித்து வைத்ததில் நடுவில் நைந்து போயிருந்தது.

"சூடு ஜாஸ்தியா வச்சுப்போடாதீங்க தம்பி. இது ஒண்ணுதானுங்க இருக்குது" என்றார். மெஷினுக்குள் தாள் போய் வெளியே வருகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தாளுக்கு இவ்வளவு பதற்றமா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. கணவர் தாமஸ் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டு, ஹோம் நர்ஸாக வீடுகளுக்குப் போக ஆரம்பித்தவர். எழுபது கிலோ ஆளைத் தனியாகப் புரட்டிப் படுக்க வைப்பார், தோலில் ஒரு கீறல் விழாது. அவர் பார்த்த நோயாளி யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும்.

அவரிடம் கைப்பை கிடையாது. வேலைக்குப் போகும்போது உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் கவர் ஒன்றைத்தான் எடுத்துப் போவார். ஒரு சேலை, டிபன் பாக்ஸ், ஜெபமாலை, மாத்திரை. அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் கேட்காமலே அந்தக் கவரை எல்லோர் முன்னாலும் திறந்து ஒரு உதறு உதறிவிட்டுத்தான் கிளம்புவார். பீரோ இருக்கிற அறைக்குள் துணைக்கு ஆள் இல்லாமல் போக மாட்டார்.

காரணம் ஒரு செயின். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த வீட்டில் ஏழு பவுன் செயினைக் காணவில்லை என்று அவரை ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா, மருமகள் எடுத்துவிடுவாளோ என்று பயந்து, செயினைப் பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு மறந்தே போயிருக்கிறார். டிரம் காலியாகப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு வீட்டுக்காரர்கள் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுப் புடவை கூட எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தார்.

அதற்குப் பிறகுதான் வீடுகள் நழுவ ஆரம்பித்தன. ஒரு வீட்டில் நான்கு நாள், இன்னொரு வீட்டில் இரண்டு வாரம். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள், திடீரென்று ஒரு நாள் போன் வரும். "நாளையிலிருந்து வேண்டாமுங்கக்கா, எங்க சித்தி வந்து பாத்துக்கறேன்னு சொல்லீட்டாங்க." அடுத்த வீட்டிலும் ஒரு சித்தி. அதற்கடுத்த வீட்டிலும். கோயமுத்தூரில் இத்தனை சித்திகள் எங்கிருந்துதான் வந்தார்களோ! தன் வேலையில்தான் ஏதோ குறை என்று நினைத்து, அக்கா ஒவ்வொரு வீட்டிலும் கூடுதலாகப் பாத்திரம் கழுவி, துணி மடித்து, வாசல் பெருக்கி, முதுகு போனதுதான் மிச்சம்.

போன வருடம்தான் சரவணம்பட்டியில் ஹோம் நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சியில் வேலை பார்க்கும் அக்ஷயா என்ற பெண் விஷயத்தை உடைத்தாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பேரை நெட்ல போட்டுப் பாருங்க" என்றாளாம். அக்கா நேராக என் கடைக்கு வந்தார்.

"என்ற பேரைப் போடுங்க தம்பி."

போட்டேன். முதல் வரியிலேயே வந்தது. "ஏழு பவுன் திருட்டு: ஹோம் நர்ஸ் கைது." பெயர், வயது, தெரு, ஓட்டர் ஐடியிலிருந்து எடுத்த போட்டோ. கைது ஆன செய்தியைப் போட்டவன் செயின் கிடைத்ததைப் போடவில்லை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நாம பாக்கறப்ப மட்டும் வருதுங்களா, இல்ல எப்பவுமே இருக்குதுங்களா?"

"எப்பவுமே இருக்குதுங்கக்கா."

"நான் தூங்கறப்பவுங்களா?"

கையை நீட்டித் திரையை அணைத்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்தச் செய்தித் தளத்தின் முகவரியைத் தேடிக் காந்திபுரத்துக்கு வண்டியில் போனேன். மாடியில் இருந்த ஆபீஸில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நடத்தியவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தளத்தைக் கவனிக்க ஆளே இல்லை, அதில் போட்ட செய்தி மட்டும் அப்படியே இருக்கிறது. தேடுதளத்துக்கு எழுதலாம் என்று பார்த்தால், படிவம் முழுக்க வக்கீல் இங்கிலீஷ். நானே அகராதி வைத்துக்கொண்டு நிரப்பினேன். அக்கா மாதிரி போனில் பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும் மட்டும் தெரிந்தவர்கள் இதை எப்படி நிரப்புவார்கள்? பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்களால் நீக்க முடியாது, தளத்தின் உரிமையாளரைத் தொடர்பு கொள்ளவும். அட போங்கய்யா!

வக்கீல் ஒருவர், ஹைகோர்ட்டில் மனுப் போட்டுப் பார்க்கலாம் என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "கோர்ட்டுக்குப் போனா மறுபடியும் பேப்பர்ல வருமுங்களே தம்பி."

அப்போதுதான் அன்னூர் வீடு அமைந்தது. சுப்பண்ணன் என்கிற எண்பத்தொரு வயதுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் வராது, வாயும் குழறும். தோட்டத்து வீடு. சமையலுக்கு ஒரு அம்மா பகலில் வந்து போவார், மற்ற நேரம் அக்காதான். ஒரே மகன் கவின் ஜெர்மனியில். இரண்டு மாதத்துக்குத் தற்காலிகம் என்றுதான் ஏஜென்சியில் அனுப்பினார்கள். ஊருக்கு வந்து நேரில் பார்த்த பிறகு நிரந்தரமாக வைத்துக்கொள்வதைப் பற்றி முடிவு செய்வேன் என்று மகன் சொல்லியிருந்தார். நிரந்தரம் என்றால் அங்கேயே தங்கிக்கொள்ள ஒரு அறையும் உண்டு. அக்கா புலியகுளத்தில் இருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஓனர் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தார். அன்னூரும் போனால் போக இடமில்லை.

"கவின் சார் ஒரு மிக்ஸி வாங்கறதுக்கே ரெண்டு நாள் நெட்ல படிப்பாருங்க" என்று அக்ஷயா சொல்லி வைத்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கவின் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது.

இனிமேல்தான் நாங்கள் செய்த கூத்து.

புலியகுளத்துக் கத்தோலிக்கர்களுக்குத் தெருவுக்குத் தெரு அன்பியம் உண்டு. முப்பது நாற்பது குடும்பம் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வார்கள். ஒவ்வொருவரும் தன் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். ஒன்பது வருடமாக வாயே திறக்காத அக்கா, ஊருக்கு வந்திருந்த ஒரு புதன்கிழமை அங்கே அழுதுவிட்டார். "என்ற பேரு நெட்ல இருந்து போயிரோணும் ஆண்டவரே" என்றார். எல்லோரும் சேர்ந்து, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அன்பியத்தின் தலைவி டெய்சி டீச்சர், ரிட்டயர்டு கணக்கு டீச்சர், எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஒன்பது நாள் நவநாள் என்று அறிவித்தார். தினமும் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும், ஒவ்வொரு வீட்டிலும் செல்லை எடுத்து அக்காவின் பெயரைப் போட்டு, அந்தச் செய்தி போய்விட்டதா என்று பார்த்துக் குரூப்பில் சொல்ல வேண்டும். போகும்வரை விடக்கூடாது.

முப்பத்து நான்கு வீடு. ஒரு வீட்டில் இரண்டு செல், மூன்று செல். காரமடையில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினார்கள். "கிளாடிஸ் ஹோம் நர்ஸ் கைது" என்று அடிப்பது, செய்தியைத் திறந்து கடைசி வரை படித்துப் பார்ப்பது, "இன்னும் இருக்குதுங்க" என்று எழுதிக் கும்பிடுகிற கை படம் போடுவது. ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சில பேர் படித்துவிட்டு அழுதிருக்கிறார்கள்.

ஆறாவது நாள் காலையில் கடையைத் திறந்து, அக்காவின் பெயரை அடிக்க ஆரம்பித்தேன். "கிளா" என்று இரண்டு எழுத்துதான் போட்டேன். கீழே தானாக வரிசையாக விழுந்தது. கிளாடிஸ் ஹோம் நர்ஸ். கிளாடிஸ் ஹோம் நர்ஸ் கைது. கிளாடிஸ் ஏழு பவுன்.

என் கம்ப்யூட்டரில் தினமும் தேடுவதால் இப்படி வருகிறதோ என்று வீட்டுக்கு ஓடி, என் மனைவி நஃபீசாவின் செல்லில் போட்டுப் பார்த்தேன். சமையல் குறிப்பு தவிர அவள் எதையும் தேடியதில்லை. அதிலும் அதே வரிசை. அந்தத் தேடுதளத்துக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று முழுசாக எனக்குத் தெரியாது. ஆனால் நிறையப் பேர் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் அது முன்னால் எடுத்து நீட்டும், அந்த அளவுக்குத் தெரியும். யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு பழைய செய்தியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தட்டி எழுப்பியிருக்கிறோம். கவின் வர இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அன்பியம் நடக்கிற வீட்டு வாசலில் போய் நின்றேன். ஜெபம் முடிகிறவரை பொறுக்க முடியவில்லை.

"யாரும் செல்லை எடுக்காதீங்க! நீங்க தேடித் தேடித்தான் அது மேல வருது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க பாய், நாங்க செபம் பண்ணுனதாலதான் இப்படி ஆச்சுங்கறீங்களா?"

"நீங்க எத்தனை வேணா செபம் பண்ணுங்க டீச்சர். செல்லைத் தொடாம பண்ணுங்க!"

அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நவநாள் என்பதால் ஏஜென்சியில் கேட்டு அன்று லீவு வாங்கி வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "உங்களை யாருங்க இவங்ககிட்டச் சொல்லச் சொன்னது? ஒம்போது வருசம் கம்முனு இருந்தவங்க இன்னும் மூணு வாரம் இருக்க முடியாதா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஒரு வருடமாகத் தினமும் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அவர் பெயரைத் தேடிப் பார்த்தவன் நான். முந்நூறு தடவையாவது இருக்கும். அன்பியம் ஆறு நாள் செய்ததை நான் வருடம் முழுக்கச் செய்திருக்கிறேன்.

மறுநாள் குரூப்பில் டீச்சர் எழுதினார்: யாரும் தேட வேண்டாம். அரை மணி நேரத்தில் ஒருவர் பதில் போட்டார்: "நேத்து இருந்து நிறுத்திட்டோம் டீச்சர். கொறஞ்சுருக்கான்னு இப்பத்தான் தேடிப் பாத்தேன், இன்னும் இருக்குது." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கவின் வந்த அன்று காலையிலிருந்து நான் நானாக இல்லை. ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மகன் பிறந்த வருடத்தை அப்பாவுக்குப் போட்டுவிட்டு, வந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்காவுக்குப் போன் செய்யப் பயம். மத்தியானம் இரண்டு மணிக்கு அன்னூர் பஸ்ஸில் வந்து இறங்கி அவரே கடைக்கு வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னாச்சுங்கக்கா?"

"வேலை குடுத்துட்டாருங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் கத்திய சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

கவின் வந்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவராகத் தேடிப் பார்ப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று லேமினேட் செய்த தாளை நீட்டி, செயின் கதையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். கவின் தாளை வாங்கவே இல்லை.

"அது நீங்க வந்த மொத நாளே பாத்துட்டனுங்கக்கா" என்றாராம்.

"பாத்துப்போட்டுத்தான் வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க. அதுக்குத்தான் ஏசி சர்வீஸ் பண்ண வந்த ஆளுகிட்டச் சொல்லி அப்பா ரூம்ல ஒரு கேமரா போடச் சொன்னேன், ஏசிக்கு மேல. ரெண்டு மாசமா தெனமும் பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க ஒரு பொருளைத் தொட்டதில்ல. அப்பாவை நானே கூட இப்படிப் பாத்திருக்க மாட்டேனுங்க. எனக்குப் பேப்பர் எல்லாம் வேண்டாமுங்க, நான் கண்ணால பாத்துட்டேன்." சொல்லிவிட்டு, போனைத் திறந்து காட்டினாராம். மேலேயிருந்து எடுத்த படம். கட்டில், சுப்பண்ணன், பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு அக்கா. அவர் தலை வகிடு கூடத் தெரிந்ததாம்.

நல்ல மனுசன்தான், சந்தேகமில்லை. கும்பிட்டு, "அப்பாவைக் கடைசி வரைக்கும் நீங்கதான் பாத்துக்கோணும்" என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பறம் என்னங்கக்கா? கெட்ட பேரும் போச்சு, வேலையும் கெடச்சாச்சு" என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அங்க பாத்ரூம் வெளிய தள்ளி இருக்குதுங்க தம்பி. ஐயாவைத் தனியா உட்டுப்போட்டுப் போகக்கூடாதுன்னு, காத்தால அந்த ரூம்லயே ஓரமா நின்னுதானுங்க சீலை மாத்துவேன். ஐயாவுக்குத்தான் அந்தப் பக்கம் தலை திரும்பாதே."

அக்காவுக்காக வாங்கி வைத்த டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"சொன்னீங்களா அவருகிட்ட?"

"எப்படிங்க சொல்றது, என்ற மகன் வயசு. கேமரா வேண்டாமுங்கன்னு மட்டும் சொன்னேன். அவருக்கே அப்பறம்தான் ஒறைச்சிருக்கும்போல, மூஞ்சி செத்துப்போச்சு. ஸ்டூல் போட்டு ஏறி அவரே கழட்டிட்டாரு. அந்தப் படமெல்லாம் கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டருக்குப் போகுமாமுங்க, ஒரு மாசத்துல தானா அழிஞ்சுருமாமுங்க. அப்படீன்னாரு."

"வேலைக்குப் போறீங்களா?"

"போகோணுமில்லீங்க. திங்கக்கெழமை வாரேன்னு சொல்லிப்போட்டேன். போகலீன்னா எங்கீங்க போறது?"

நான் அந்தக் கவினைத் திட்டலாமா, ஏஜென்சியைத் திட்டலாமா, கேமரா கம்பெனியைத் திட்டலாமா என்று யாரையாவது தேடினேன். வாய்க்கு வந்த ஒரு வார்த்தையும் யாருக்கும் பொருந்தவில்லை. அக்கா ஸ்டூலை என் கம்ப்யூட்டர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் தேடிப் பாருங்க. அந்தப் படம் எங்கியாச்சும் வந்திருக்குதான்னு."

கீபோர்டில் கையை வைத்தேன். தேடுகிற பெட்டி காலியாகத் திறந்திருந்தது. என்ன எழுதுவது? அவர் பெயரைப் போட்டால் பெயரோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். பெயர் போடாமல் எழுதலாம் என்றாலும், அந்த வார்த்தைகளை அவர் கண் முன்னால் நான் எப்படி அடிப்பேன்? விரல் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

"என்னன்னு போடறதுன்னு தெரியிலீங்களா? நான் சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்கக்கா. இதைத் தேடவே கூடாதுங்க."

அவர் என்னையே பார்த்தார்.

"அப்பறம் எப்படிங்க தம்பி தெரிஞ்சுக்கறது?"